‘நெம்ப’ நல்ல கோடை முகாம்

ஏப்ரல் கடைசியில் ஒரு போன். எதிர்முனையில் பழனிவேல். சங்ககிரிப் பக்கத்துக்காரர், பழைய பழக்கம். முன்பு போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருந்தார். இப்போது தன் தென்னந்தோப்பில் குழந்தைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறார். பெயர் ‘சிங்கக்குட்டிகள்’.

“ஏனுங்க சார், நம்ம முகாம் கட்டுரையை அழிக்கப் போறாங்களாமா?”

அழிக்கப் போகிறவர்களில் நானும் ஒருவன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் சில வருடங்களாகப் பிழை திருத்துகிறேன். பத்திரிகையில் சம்பளத்துக்குச் செய்த வேலையை இங்கே ஓசியில் செய்கிறேன், அவ்வளவுதான். ஒரு கட்டுரைக்கு அங்கே இடம் உண்டா என்று சந்தேகம் வந்தால் ஒரு வாரம் விவாதம் நடக்கும். அந்த வாரம் சந்தேகத்துக்குள்ளானது பழனிவேலின் முகாம்.

“கட்டுரை இல்லாட்டி என்னங்க? முகாம் நடக்காதா?” என்று கேட்டேன்.

“அப்படிச் சொல்லாதீங்க சார். மே மாச பேட்ச்சுக்குப் பாதிப் பசங்ககூடச் சேரலைங்க. பெத்தவங்க செல்லுல பேரைப் போட்டுத்தான் தேடறாங்க. கலைக்களஞ்சியத்துல வந்தா நம்பறாங்க. நீங்க அழிச்சீங்கன்னா அந்த பேட்ச்சே இல்லீங்க.”

கட்டுரையைப் படித்தேன். ‘தென்னிந்தியாவின் தலைசிறந்த, உலகத்தரம் வாய்ந்த’ என்று தொடங்கியது. நேற்று முளைத்த முகாமுக்கு ‘வரலாறு’ என்று ஒரு பகுதி. ‘நிறுவனர்’ என்று அதைவிட நீளமாக இன்னொரு பகுதி – அவர் படித்த பள்ளி, பெற்ற பொன்னாடை, கூலிங் கிளாஸ் போட்ட படம். குழந்தைகள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. எதற்கு? அவர்கள் கட்டுரை எழுதப் போவதில்லையே!

கலைக்களஞ்சியத்தின் விதி எளிமையானது. முகாமோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத யாராவது, தாமாக, அதைப் பற்றி எங்காவது எழுதியிருக்க வேண்டும். சொன்னேன். சாயங்காலமே மூன்று பத்திரிகைச் செய்திகள் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. மூன்றிலும் ‘சிறார்களின் உள்ளாற்றலைத் தட்டியெழுப்பும் உன்னத முயற்சி’. மூன்றிலும் அதே இடத்தில் கால்புள்ளி இல்லை. இந்த மாதிரிச் செய்தி எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். முகாம்காரர் எழுதித் தருவார், நிருபர் அனுப்பிவைப்பார், உதவி ஆசிரியர் கொட்டாவி விட்டபடி தலைப்புப் போடுவார். மறுநாள் அது ‘ஆதாரம்’ ஆகிவிடும்.

“நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்” என்றார் பழனிவேல். போனேன்.

தோப்பில் ஏப்ரல் பேட்ச் நடந்துகொண்டிருந்தது. ‘சாகச வகுப்பு’ என்பது இரண்டு தென்னைகளுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் கட்டிய ஒரு கயிறு. ‘கிராமிய அனுபவம்’ என்பது ஒரு பசுமாடு. குழந்தைகள் வரிசையாக வந்து மாட்டின் முதுகில் கை வைக்க வேண்டும். ஒருவர் போட்டோ எடுப்பார். அடுத்த குழந்தை. மாடு இதற்கெல்லாம் பழகிவிட்டது. கேமராவைப் பார்த்தே நின்றது.

வரிசையில் நின்ற ஒரு சிறுமியிடம், “எந்த ஊரு சாமி?” என்று கேட்டேன்.

“இங்கதானுங்க. பக்கத்துத் தோட்டம்.”

“உங்க ஊட்டுல மாடு இல்லையா?”

“நாலு இருக்குதுங்க. அதுங்ககூட நின்னா சர்டிபிகேட் தர மாட்டாங்களாமா. அம்மா சொன்னாங்க.”

சிரித்தேன். ஆனால் அந்த அம்மாவும் பழனிவேலும் வேறு வேறா என்ன? மாடு யாருக்கு வேண்டும்? மாட்டோடு நின்றதாக யாராவது எழுதித் தர வேண்டும். செய்வதைவிடச் செய்ததாக எழுதப்படுவதில்தான் நம் ஊருக்கே ஆசை.

சரி, இதைப் போய் விவாதத்தில் எழுதலாமா? எழுதக் கூடாது. நான் கண்ணால் பார்த்ததற்குக் கலைக்களஞ்சியத்தில் மதிப்பில்லை. ஏதாவது பத்திரிகையில் வந்திருந்தால்தான் அது உண்மை. கொட்டாவி விட்ட உதவி ஆசிரியர் சாட்சி; வெயிலில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவன் சாட்சி இல்லை... அந்த விதியைச் செய்தவர்களையும் ஒருநாள் அந்த மாட்டின் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

வீடு திரும்பினால், விவாதத்தில் கூட்டம். கட்டுரைக்கு ஆதரவாகப் புதிதாக மூன்று பேர் வந்திருந்தார்கள்.

‘நான் சென்னையில் வசிக்கிறேன். இது நெம்ப நல்ல முகாம்.’

‘மதுரையிலிருந்து எழுதுகிறேன். என் மகன் நெம்பக் கற்றுக்கொண்டான்.’

‘எங்கள் நெல்லையில் இந்த முகாம் நெம்பப் பிரபலம்.’

கட்டுரையை நீக்கச் சொன்னவர் டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமைசாலி. அவர் கீழே கேட்டிருந்தார்: ‘நெம்ப எண்டால் என்ன? மூண்டு பேருக்கும் ஒரே எழுத்துப்பிழையோ?’

பிழையே இல்லை. ‘ரொம்ப’ என்பதைக் கொங்கு நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். சென்னைக்காரர் வாயில் அது வராது. மதுரையிலும் நெல்லையிலும் ‘ரெம்ப’ என்பார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அந்த எழுத்துக்கு நடுவே பல மணி நேர பஸ் பயணம் இருக்கிறது. இதை அப்படியே விளக்கி எழுதிவிட்டு, பழனிவேலைக் கூப்பிட்டேன்.

“யாருங்க அந்த மதுரைக்காரர்?”

“என்ர மச்சினன்தானுங்க. குமாரபாளையத்துல தறி ஓட்டறான்.”

“நெல்லைக்காரர்?”

“அவனேதானுங்க.”

“சென்னை?”

“அது நானுங்க. சென்னைப் பக்கமெல்லாம் நம்ம ரிக் வண்டி போயிருக்குதில்லீங்க.”

“பொய்தான் சொல்றீங்க, கொஞ்சம் மதுரைத் தமிழ்லயாவது சொல்லியிருக்கலாமே?”

“அவன் நடுவுல வைகைன்னு ஒரு வார்த்தை போடட்டுமான்னு கேட்டானுங்க. நாந்தான் ஓவரா இருக்கும், வேண்டாம்னுட்டேன்.”

கட்டுரை நீக்கப்பட்டது. பழனிவேலிடமிருந்து போனும் நின்றுபோனது. பேட்ச் போயிற்று, மனிதர் நொந்துபோயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மே மாத நடுவில் கோவை போகும் பஸ்ஸில், சங்ககிரி பைபாஸ் ஓரம் ஒரு பெரிய ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். அதே கூலிங் கிளாஸ். கீழே கொட்டை எழுத்தில்: ‘பன்னாட்டுக் கலைக்களஞ்சிய ஆசிரியர்கள் ஒரு வாரம் விவாதித்த ஒரே கோடை முகாம்!’ குறுக்கே சிவப்புப் பட்டையில்: ‘மே பேட்ச் ஃபுல்’.

பழக்கதோஷம், பிழை தேடினேன். டொராண்டோக்காரர் இருந்தார், எனவே பன்னாடு சரி. விவாதித்தது சரி. ஒரு வாரமும் சரி.

நீக்குவதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.