வடக்குச் சுவரில் ஒரு கோணல் ஆணி

விருப்ப ஓய்வு வாங்கி ஏழு மாதம் ஆகிறது. முப்பது வருஷம் வங்கியில் உட்கார்ந்தே வேலை பார்த்தவளுக்கு இப்போது வீட்டில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. சமையலறை அலமாரியை மூன்று தடவை மாற்றி அடுக்கியாயிற்று. "தினமும் உப்பைத் தேட வேண்டியிருக்கு, எங்கேயாவது போயிட்டு வாயேன்" என்று வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அதனால்தான் போன சனிக்கிழமை கிளம்பினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், சென்னையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வைத்த கண்காட்சியில் என் படம் ஒன்று விற்றது. கொக்கிலமேட்டு மணலில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் அப்பி அப்பிப் போட்டது. வாங்கியவர் ரங்கநாயகி மேடம். வீட்டில் மாட்ட சாமி படமும் காலண்டரும் போதும் என்று எல்லோரும் இருந்த காலத்தில், நவீன ஓவியங்களாக வாங்கிக் கூடம் முழுக்க மாட்டி, ஊரைக் கூட்டிக் காட்டியவர். "இதென்னம்மா, என் பேரன்கூடப் போடுவான்" என்று யாராவது சொன்னால், "போடச் சொல்லு, வாங்கிக்கறேன்" என்பார். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த பல ஓவியர்களை வரைய வைத்தது அவர் வாங்கிய படங்கள்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. படத்தை விலைக்கு வாங்கிவிட்டு, "நீயே வந்து ஆணி அடிச்சு மாட்டிட்டு, சாப்பிட்டுப் போ" என்பார். நானும் போய் அடித்தேன். கூடத்தின் வடக்குச் சுவர். பழக்கமில்லாத கை, ஆணி இடது பக்கம் சாய்ந்துவிட்டது, சுண்ணாம்பு ஒரு ரூபாய் அளவுக்குப் பெயர்ந்தது. அதற்கப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை, சேலத்துக்கு மாற்றல். நான் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. சேலத்தில் இருந்தபோது அவரிடமிருந்து நாலு கடிதம் வந்தது. முதல் கடிதத்தில் நாலு வரி படித்துவிட்டு, அப்புறம் படிக்கலாம் என்று பீரோவில் போட்டேன். மற்ற மூன்றையும் பிரிக்கவே இல்லை.

அந்தக் கண்காட்சியில் என்னோடு படம் வைத்த ஒருத்தி போன மாதம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ரங்கநாயகி மேடம், புதுப்பட்டினத்துக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் தன் வீட்டை முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் எல்லோருக்கும் திறந்துவிடுகிறாராம். அறுபதை நெருங்கும்போது பிரஷ் எடுத்து, இப்போது அவரும் ஒரு பெரிய ஓவியராம். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன். மறுநாளே முடிவு செய்தேன். என் படகை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதற்குப் புகைப்படம் கிடையாது, எனக்கே சரியாக ஞாபகமில்லை. நல்ல படமென்றால் மறுபடி வண்ணம் வாங்குவேன். மோசமென்றால் இந்த அரிப்பை அன்றோடு விட்டுவிடுவேன். எப்படியும் தெரிந்தாக வேண்டும்.

தாம்பரத்தில் காலை 8.35க்கு மின்சார ரயில், கட்டணம் பத்து ரூபாய். கொளவாய் ஏரி தெரிந்ததுமே எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன். செங்கல்பட்டில் இறங்கும்போது 9.30. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடை தூரம்தான். அங்கே ஒரு தப்புச் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். கல்பாக்கம் பஸ் காலியாக நின்றுகொண்டிருந்தது. மாமல்லபுரம் பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. நகரும் பஸ்ஸைக் கண்டால் எனக்குப் பொறுக்காது, ஓடிப்போய் ஏறிவிட்டேன். முப்பது ரூபாய். திருக்கழுக்குன்றத்தில் கால் மணி நேரம் போட்டுவிட்டான். மாமல்லபுரம் சேர 11 ஆகிவிட்டது. கல்பாக்கம் பஸ் என்றால் புதுப்பட்டினத்திலேயே இறங்கியிருக்கலாம்.

சிற்பங்களைப் பார்க்கவில்லை. அதற்கு ஆயிரம் பதிவு இருக்கிறது. நேரே ஆட்டோ.

"படக்காரம்மா வூடா? தெரியும்கா. பதினோரு கிலோமீட்டர், நானூறு குடு."

"நானூறா! புதுப்பட்டினத்துக்கே போயிடலாம் போலிருக்கே."

"திரும்பி வரச்சொல்ல காலியாத்தானக்கா வரணும்?"

முந்நூற்று இருபதுக்குப் படிந்தது. வழியில் அவரே ஆரம்பித்தார். "எங்க வூட்டாண்ட பசங்க சொவுத்துல கிறுக்குனா முதுகுல ரெண்டு வெக்கிறோம். அந்தம்மா கிறுக்குனத கண்ணாடி போட்டு மாட்டிகினு கீது. அத பாக்க காரு மேல காரு வந்துகினு கீது. இன்னாக்கா கீது அதுல?" வேகமாகப் போங்கள் என்றேன்.

11.40. கேட்டில் நுழைவுக் கட்டணம் கிடையாது, ஒரு நோட்டில் பேர் எழுதினால் போதும். வீட்டைப் பார்த்துக்கொள்கிற தனலட்சுமி என்கிற பெண்மணிதான் படங்களையும் சுற்றிக் காட்டுகிறார். பக்கத்துக் குப்பத்துக்காரர். "செருப்ப அங்க வுடு. பைய இங்க வை. எதையும் தொடாத" என்றார், ஒரே மூச்சில்.

நான் நேரே வடக்குச் சுவருக்குப் போனேன். என் இடத்தில் வேறு படம். அதே அளவு, மூன்றடிக்கு இரண்டடி. செம்மண் நிறமும் கறுப்புமாக என்னவோ கொந்தளித்துக்கொண்டிருந்தது. படகு இல்லை. ஒருவேளை சுவர் மாறிவிட்டதோ என்று சட்டத்தை லேசாகத் தூக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் சாய்ந்த ஆணி, பெயர்ந்த சுண்ணாம்பு.

"யம்மா! கைய எடு! தொடாதன்னு இப்பத்தான சொன்னேன்?" தனலட்சுமி ஓடி வந்தார். "இது இன்னான்னு தெரியுமா? அம்மா மொத மொதல்ல போட்ட படம். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் கேட்டாங்க, குடுக்கல."

"இங்கே முன்னாடி ஒரு படகுப் படம் இருந்ததே?"

"நான் வந்து பதினாலு வருசம் ஆச்சு. அதுலருந்து இதுதான் கீது. அம்மாவ கேளு. நாலு மணிக்கு எந்திரிக்கும்."

வீட்டில் மொத்தம் நாற்பத்தாறு படம். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நல்ல படங்கள், பொறாமைப்பட வைக்கும் படங்கள். என்னுடையது மட்டும் இல்லை. விற்றுவிட்டாரா? கரையான் அரித்துத் தூக்கிப் போட்டுவிட்டாரா? ஒன்றிலிருந்து இரண்டரை வரை வீட்டைப் பூட்டிவிடுவார்கள், வெளியே வந்துவிட வேண்டும். கடற்கரை இருநூறு மீட்டர்தான். போனேன், மணல் சுட்டது, திரும்பினேன். மெயின் ரோட்டில் ஒரு டீ. மறுபடி கடல். இரண்டு தடவை வீட்டுக்கே கிளம்பிவிடலாம் என்று பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றேன். பஸ் வந்ததும் ஏறவில்லை. கிளம்பும் பஸ்ஸை நான் விட்டது அன்றைக்குத்தான்.

நாலு மணிக்கு ரங்கநாயகி மேடம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். எண்பத்திரண்டு வயது. விரல் இடுக்கில் பச்சை வண்ணம். பேரைச் சொன்னேன், தெரியவில்லை. படகு என்றேன். முகத்தைச் சுளித்து யோசித்தார்.

"ஆணியைக் கோணலா அடிச்சவ!"

"ஆமா மேடம். என் படம் எங்கே?"

"நாலு லெட்டர் போட்டேனே?"

படிக்கவில்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு புயலுக்கு ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போய், என் படத்தில் தண்ணீர் அடித்திருக்கிறது. வானத்தின் மூலையில் உள்ளங்கை அகலம் உதிர்ந்துவிட்டது. "வந்து சரி பண்ணிக் குடுன்னு எழுதினேன். போட்டவங்கதான தொடணும்? நீ வரல. சரி, அந்தத் துண்டை மட்டும் மூடிடலாம்னு நானே ஒரு பிரஷ் வாங்கினேன். நிறம் ஒட்டல. பக்கத்துலயும் கொஞ்சம் தடவினேன். அப்ப அதுக்குப் பக்கத்துல ஒட்டல. ரெண்டு மாசம் இப்படியே தடவினேன். உன் படம் போச்சு, என் படம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் கை நிக்கல."

கத்திவிட்டேன். "அது என்னோடது மேடம்! நான் போட்டது அது ஒண்ணுதான் மிச்சம்!"

"தெரியும். தப்புதான்" என்றார். "அதைத்தான் நாலாவது லெட்டர்ல எழுதியிருந்தேன்."

யாரைத் திட்டுவது? பீரோவில் கிடந்த கடிதங்களையா? வந்த காரியத்தைக் கேட்டேன். "அது நல்ல படமா மேடம்?"

"வானம் சுமார். அப்பவே சொல்லணும்னு நெனச்சேன். படகு நல்லாயிருந்துது. அதனால படகுமேல கடைசி வரைக்கும் கை வைக்கல. வச்சப்பவும் சுரண்டாம மெல்லிசாத்தான் பூசினேன். மணி என்ன?"

4.35. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சுவரை உரசிக்கொண்டு வந்தது. "வலது ஓரமாப் போய் நில்லு" என்றார். நின்றேன். அந்தக் கறுப்புக்கும் செம்மண்ணுக்கும் அடியில் மேடு மேடாக என் கத்தித் தடங்கள். முதலில் படகின் அடிப்பலகை, அப்புறம் அதன் வளைவு. இருபத்தைந்து வயதில் எவ்வளவு தைரியமாக அப்பியிருக்கிறேன்! அழுகை வந்துவிட்டது. தனலட்சுமி என்னைப் பார்த்துவிட்டுத் தொடாதே என்று சொல்லவில்லை.

திரும்பினால், மேடம் வாக்கர் பையிலிருந்து சுத்தியலை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். கூடவே ஓர் ஆணி. "ரெண்டாவது படம் வரும்னு முப்பது வருஷமா எடம் விட்டு வச்சிருக்கேன். ஆணியை அடிச்சுட்டுப் போ. படம் அப்புறம் வரட்டும்."

"சொவுத்த பேத்துடாதம்மா, நாந்தான் பெருக்கணும்" என்றார் தனலட்சுமி.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் பஸ்ஸிலேயே ஏறிப் புதுப்பட்டினத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். தண்ணீர், தொப்பி கட்டாயம். மதியச் சாப்பாட்டைப் புதுப்பட்டினம் மார்க்கெட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள், வீட்டுப் பக்கம் டீக்கடை தவிர ஒன்றுமில்லை. படம் எடுக்க அனுமதி உண்டு, ஃபிளாஷ் கூடாது. காலையிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நாலரை மணிக்கு வடக்குச் சுவரில் அந்தச் செம்மண் படத்துக்கு வலது ஓரமாக நின்று பாருங்கள். அடியில் ஒரு படகு தெரியும். அது நான் போட்டது.

அதற்குப் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்று இருக்கும். யாரோ மறந்து விட்டுப்போனது என்று நினைத்து யாரும் பிடுங்கிவிட வேண்டாம். போன சனிக்கிழமை நான் அடித்தது. இதுவும் கோணல்தான்.