கையில் வாங்கிய நெருப்பு

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சித்திரை மாதம். வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஒரு பொருட்காட்சி நடந்தது. அதன் கடைசி மூலையில் மூங்கில் தட்டி அடைத்து, ‘நூறு வருஷத்துக்கு முந்தின ஊர்’ என்று ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கொஞ்சம் குடிசைகள், ஒரு வேப்பங்கன்று, கிணறு மாதிரி சுவர் எழுப்பிய ஒரு தண்ணீர்த் தொட்டி. பாட்டன் காலத்தில் ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் பார்க்க வேண்டும். வெறும் குடிசையை யார் பார்ப்பார்கள்? அதனால் குடியிருக்க எங்களைக் கூலிக்குப் பிடித்தார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். ஆற்காட்டில் செங்கல் சூளை, ராணிப்பேட்டையில் மூட்டை, கடைசியாக ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பில் பட்டைத் தொட்டி, சுண்ணாம்புக் குழி. குழி என் கைத்தோலையும் சேர்த்துத் தின்ன ஆரம்பித்ததால் வேலூருக்கு நடந்து வந்துவிட்டேன். அங்கே ஆள் பிடித்த மேஸ்திரி என் விரல்களைப் பார்த்து, தோல் வேலையா என்றார். ஆமாம் என்றேன். உடனே ஊரை விட்டுத் தள்ளி, தனியாக இருந்த குடிசையைக் காட்டினார். என்ன சாதி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

அந்த ஊரில் தீப்பெட்டி கூடாது. மண்ணெண்ணெய், காப்பி, சட்டை, குடை எதுவும் கூடாது. மீறினால் சீட்டுக் கிழிந்துவிடும். கூலி பொருட்காட்சி முடிந்த பிறகுதான் என்பதால் எல்லோரும் பயந்து நடந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் மின்சார விளக்கும் கிராமபோன் பாட்டும். இந்தப் பக்கம் நாங்கள் ஆமணக்கு எண்ணெய் விளக்கில் களி தின்றுகொண்டிருந்தோம்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. எத்தனையோ ஊர் பார்த்தவன், இல்லாத காலத்தைப் பார்த்ததில்லை. தீப்பெட்டி இல்லையென்றால் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்க முடியாது என்று அங்கேதான் கண்டேன். எந்த வீட்டில் அடுப்பு கனன்றதோ அங்கே மற்றவர்கள் ஓட்டுச் சில்லோடு போய் நிற்க வேண்டும். பெரும்பாலும் அது மணியக்காரர் வீடு. மணியக்காரர் மனைவியாக வேஷம் போட்டவள் ஆற்காட்டுக்காரி, அப்பளம் விற்றுப் பிழைப்பவள். முதல் நாள் நான் நெருப்புக்குப் போனபோது கங்கைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். தண்ணீரையும் உயரத் தூக்கித்தான் ஊற்றினாள். மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது அது. அந்தக் காலத்தில் அப்படித்தானாம்.

ஆச்சரியம் என்னவென்றால், சில நாளில், பார்க்க ஆளே இல்லாத காலை வேளையிலும் அவள் அப்படியே ஊற்றினாள். நானும் கேட்காமலே குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். வேஷம் எந்த நிமிஷத்தில் எங்களுக்குள் புகுந்ததென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் வேலை, ஒரு பானையில் ஆவாரம்பட்டை ஊறவைத்து அதில் ஆட்டுத்தோலை முக்கி எடுப்பது. ஒருநாள் துருக்கித் தொப்பி வைத்த தோல் வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னாப்பா இது, நம்ம ஷாப்புல தெனம் நடக்குறதுதானே? இதுக்கா டிக்கெட்? பட்டை வேற கம்மியா போட்டிருக்கே” என்றார்.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நூறு வருஷத்துக்கு முந்தினது என்று நான் காட்டிக்கொண்டிருந்தது, போன மாதம் ஆம்பூரில் நான் செய்த வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கோடை மழை பிடித்தது. காற்று நாலு கூரையைப் பிரித்துப் போட்டது. அடுப்புகள் அணைந்தன. பார்க்க வந்தவர்கள் நனைந்துபோய்க் குயவர் வீட்டுக் கூரை இறவாணத்தின் கீழ் ஒதுங்கினார்கள். அந்த வீட்டில் திமிரியிலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். புருஷன் வண்டியோடு மண் எடுக்கப் போய் மழையில் மாட்டிக்கொண்டான். அவள் கைக்குழந்தைக்கு முந்தின நாளிலிருந்தே சளி. ஈரம் பட்டதும் இளைப்பு கண்டுவிட்டது. மூச்சு விடும்போது விலா உள்ளே ஒட்டுவது எட்ட நின்ற எனக்கே தெரிந்தது. தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுக்க வேண்டும், நெருப்பு வேண்டும் என்று அவள் அலைந்தாள். ஒதுங்கியிருந்த ஒருவர் ஜேபியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். மேஸ்திரி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். குச்சி எல்லாம் ஊறி, முனை மருந்து பெட்டியில் இழுகியது.

ஊருக்குள் மணியக்காரர் வீட்டில் மட்டும் கங்கு இருந்தது. ஆனால் அதற்குள் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. அதுவும் வெள்ளிக்கிழமை. அந்நேரத்தில் நெருப்பைக் கொடுத்தால் வீட்டு லட்சுமி போய்விடுவாள் என்று ஆற்காட்டுக்காரி மறுத்துவிட்டாள். கல்மனசு இல்லை அவளுக்கு. கண்ணில் தண்ணீரோடுதான் மறுத்தாள். அது அவள் வீடே இல்லை, இன்னும் பத்து நாளில் பிரித்துப்போடப் போகிற தட்டி என்பது அந்த நேரத்தில் எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

குயவர் வீட்டுப் பெண் அங்கிருந்து திரும்பி, என் கூரையில் கசிந்த புகையைக் கண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் ஓட்டுச் சில்லோடு மழையில் என் குடிசையை நோக்கி வந்தாள்.

நான் அதற்குள் குடிசைக்குத் திரும்பியிருந்தேன். என்னிடம் நெருப்பு இருந்தது. ஊறி முடிந்த பட்டைச் சக்கையைக் காயவைத்துக் கங்கின்மேல் மூடினால் பொழுதுக்கும் கனன்றுகொண்டே இருக்கும். ஆம்பூரில் கற்றது. ஆனால் அந்த ஊரில் என்னிடம் யாரும் நெருப்புக் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை.

மேஸ்திரி பின்னாலேயே ஓடி வந்தார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

“இன்னாம்மா நீ, ஜனங்க பாக்குறாங்க. அந்தக் காலத்துல இங்க வந்து நெருப்பு எடுக்க மாட்டாங்கம்மா.”

அவள் நிற்கக்கூட இல்லை.

“அந்தக் காலத்துல இது செத்துப் பூட்டிருக்கும், மேஸ்திரி. எங்கொழந்த இந்தக் காலத்துது.”

இறவாணத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சக்கையை விலக்கி, சிவந்த கங்குகளாகப் பொறுக்கி ஓர் ஓட்டில் வைத்தேன். வாசலுக்கு வந்தேன். ஓட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றேன். யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. கால்கள் தாமாக நகர்ந்தன.

ஈர மண் பட்டு ஓடு சீறியது.

அவள் என் காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“கையில குடுண்ணா. தரையெல்லாம் தண்ணி, அணைஞ்சிடும்” என்றாள்.

அவ்வளவுதான். பெரிய பேச்சு எதுவும் பேசவில்லை அவள். நான் குனிந்து ஓட்டை எடுத்து அவள் கையில் இருந்த சில்லின்மேல் வைத்தேன். அவள் விரல் என் வெடித்த விரல்மேல் பட்டது. அவள் முந்தானையால் கங்கை மூடிக்கொண்டு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் தவிடு வறுபடும் வாசனை வந்தது. நன்றாக இருட்டுவதற்குள் புருஷனும் வந்துவிட்டான். மறுநாள் காலையில் அந்தக் குழந்தை பால் குடித்துவிட்டு ஊரைக் கூட்டி அழுதது. அதற்கு முந்தின இரவே, மழை விட்டதும், மேஸ்திரி என் குடிசைக்கு வந்து அடுப்பின் முன்னால் குந்தினார். இடுப்பிலிருந்து ஒரு பீடியை எடுத்தார். என் கங்கிலேயே பற்றவைத்துக்கொண்டு போனார்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆற்காட்டுக்காரி கடைசி நாள் வரைக்கும் தண்ணீரை உயரத்திலிருந்துதான் ஊற்றினாள். தட்டியைப் பிரித்தார்கள், கூலியைக் கொடுத்தார்கள், நான் வாணியம்பாடிப் பக்கம் நடந்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. ஆனாலும் யாருக்காவது ஒரு பொருளைக் கொடுக்கும்போது, கொடுக்கிற கையைப் பார்க்காமல் என் கால்கள் எங்கே நிற்கின்றன என்று குனிந்து பார்க்கிற பழக்கம் மட்டும் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு நடந்து வருகிறது.