ஓடைப்பட்டிக்காரரின் சர்க்கரை நோட்டு

சர்க்கரை நோயாளிகள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். அதாவது, டாக்டர் இரண்டு நிமிடம் திட்டியதை நான் அரை மணி நேரம் விளக்கித் திட்ட வேண்டும். காது கேட்டும் கேட்காதவர்களுக்குப் பாடம் நடத்தி நொந்தவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காரலாம்.

வேலை வேறு, சாப்பாடு வேறு

ராசு ஓடைப்பட்டியில் திராட்சை போடுகிறவர். கால் கட்டைவிரலில் ஆறாத புண்ணோடு வந்தார். சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். கேழ்வரகுக் கஞ்சி, கீரை என்று ஒரு முனிவரின் பட்டியல் வந்தது. திராட்சையா? மூச்.

அறுவடைக்கு முன் பழம் இனித்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்றேன். கொடிக்குக் கொடி பிய்த்து வாயில் போட்டுப் பார்ப்பாராம், காலையும் மாலையும்.

"அது தோட்ட வேலை சிஸ்டர். சாப்பாட்டுல எப்படிச் சேரும்?"

தங்கமான நோட்டு

தினமும் விரலில் குத்திப் பார்த்து எழுதச் சொல்லி ஒரு நோட்டு கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் தொண்ணூற்றெட்டு, நூறு, நூற்றிரண்டு. என் வகுப்பின் மகிமையை நினைத்துப் பூரித்துப்போனேன். புண்தான் கொஞ்சமும் ஆறவில்லை. அவர் விரல்களைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு குத்து இல்லை. கூட வந்திருந்த மனைவி செல்லத்தாயி தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். ராசு அசரவில்லை.

"குத்தச் சொன்னீக சிஸ்டர். யாரு விரல்லன்னு சொல்லலையே."

கடைசிப் பக்கம்

கோபத்தில் மீதி நோட்டைப் புரட்டினேன். போகப்போக நூற்று நாற்பது, நூற்று எழுபது என்று ஏறியிருந்தது. ரத்தம் யாருடையதோ, சர்க்கரையும் அவருக்குத்தானே? இதைக் கவனிக்கவே இல்லையா என்று ராசுவைக் கேட்டேன்.

"கவனிச்சேன் சிஸ்டர். அதான் பத்து நாளா நான் ரெண்டு இட்லி கொறச்சுட்டேன்."

எறும்புக் கடி

ஆய்வகமும் செல்லத்தாயிக்குச் சர்க்கரை என்று உறுதி செய்தது. ராசுவுக்கு முகம் செத்துவிட்டது. தன் விரல் போகும் என்றபோதுகூட அவர் அப்படி ஆகவில்லை. அந்த அம்மா மேசை மேலிருந்த ஊசியை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"எறும்பு கடிச்சாப்புலதான் இருக்கும்னு மூணு மாசமாச் சொன்னீகள்ல. கைய நீட்டுங்க."

ராசுவின் கால் விரலைக் காப்பாற்றியது அன்று முதல் தினமும் விழுந்த அந்தக் குத்துதான், டாக்டர் பாராட்டியது என்னவோ என் வகுப்பை.