கேட்ச் அண்ணனும் கீழே விழுந்த துப்பாக்கியும்

எங்கள் கம்பெனியில் அவரை உண்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. எல்லோருக்கும் அவர் கேட்ச் அண்ணன். மேசை விளிம்பிலிருந்து டீ கிளாஸ் நழுவினால், மற்றவர்கள் ‘ஐயோ’ என்று வாயைத் திறப்பதற்குள் அது அவர் கையில் இருக்கும். சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, மாடிப்படியில் தடுக்கி விழப்போன அலுவலகத்து அம்மா, எதையும் எவரையும் அவர் தரைக்கு விட்டதில்லை. அந்த அம்மா அவரைவிட இரண்டு மடங்கு கனம். “தரைக்கும் உங்களுக்கும் என்னண்ணே வாய்க்கால் தகராறு, ஒண்ணையும் அதுக்குக் குடுக்க மாட்டேங்கறீங்க?” என்று கேட்பேன். சிரிப்பார். சிரிப்பதற்குப் பல் வேண்டும், பேசுவதற்கு வார்த்தை வேண்டும். அவர் முதலாவதை மட்டும் செலவு செய்கிற ஆள்.

வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டி எங்களுடையது. நான் ஓட்டுவேன். அவர் இடுப்பில் துப்பாக்கியோடு பக்கத்தில் உட்கார்ந்து வருவார். பின்னால் இன்னொரு காவலர். கடைசி வருடங்களில் அந்த இன்னொருவன் அவருடைய மச்சினன், அண்ணியின் ஒரே தம்பி. அண்ணிக்குப் பிள்ளை இல்லை. பெற்றவர்கள் போனபிறகு அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தது அண்ணிதான். அவனுக்கு இங்கே வேலை வாங்கிக்கொடுங்கள் என்று புருஷனை நச்சரித்து நச்சரித்துச் சாதித்ததும் அவர்தான். மாமனும் மச்சினனும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுவார்கள். “இவனுக்கு மேல்தட்டு, எனக்கு அடித்தட்டு. உங்க அண்ணி அடித்தட்டுல காத்தை வச்சு அனுப்பறா” என்பார் கேட்ச் அண்ணன். அவரிடமிருந்து அவ்வளவு நீளமான பேச்சு வந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

அவருடைய கை அப்படி வேகமானது பிறவியிலேயே பாதி, பயிற்சியில் பாதி. முன்பு எங்களிடம் இருந்தவை பழைய சுழல் துப்பாக்கிகள். அவற்றின் முதுகில் ஒரு சுத்தியல் நீட்டிக்கொண்டிருக்கும். துப்பாக்கி நழுவி அந்தச் சுத்தியல் தரையில் மோதினால் போதும், விசையை யாரும் தொடாமலே வெடிக்கும். ஒருமுறை அப்படி வெடித்துத் துப்பாக்கி அறையின் கூரையில் ஓட்டை போட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்போதிருந்த பயிற்சியாளர் பயந்துபோனார். துப்பாக்கியைத் தரை தொடவிடக் கூடாது, கையைக் கொடு, முட்டியைக் கொடு, காலையாவது கொடு என்றார். காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு எங்கள் நடுவில் நடப்பார். எதிர்பாராத நேரத்தில் யார் முன்னாலாவது நழுவவிடுவார். கேட்ச் அண்ணன் முன்னால் அவர் போட்டது ஒன்றுகூடத் தரைக்குப் போனதில்லை. பெயர் வந்தது அங்கேதான்.

பிறகு புதுசு வந்தது. கறுப்பாக, தட்டையாக, வெளியே சுத்தியலே இல்லாமல். கூடவே ஒரு புதுப் பயிற்சியாளரும் வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்து, டீ வருவதற்குள் வகுப்பை முடித்துவிட்டார். ஓட்டுநர்களையும் உட்காரச் சொன்னதால் நானும் இருந்தேன்.

“இது கீழ விழுந்தா வெடிக்காது. உள்ள இருக்கற ஊசிக்குக் குறுக்கால ஒரு தடுப்பு இருக்கு. விசையை இழுத்தாத்தான் அது விலகும். அதனால விழுந்தா விட்டுடுங்க. பிடிக்கப் போனீங்கன்னா விரல் எங்க போய் மாட்டும்னு சொல்ல முடியாது. கையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால நகருங்க, அவ்வளவுதான்.”

ரப்பர் விரிப்பைப் போட்டு, காலித் துப்பாக்கியை ஒவ்வொருவராகக் கீழே விடச் சொன்னார். எல்லோரும் விட்டோம். கேட்ச் அண்ணனும் விட்டார். துப்பாக்கி முழங்காலைத் தாண்டுவதற்குள் அவர் கை போய் அள்ளிவிட்டது. மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடியும் அள்ளினார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மச்சினன்தான் அதிகம் சிரித்தான். “மாமா, உங்க கையைக் கழட்டி வச்சுட்டு வாங்க” என்றான். பயிற்சியாளரும் சிரித்துக்கொண்டே, “உங்க கைக்குத் தனியா ஒரு வகுப்பு எடுக்கணும்ணே” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அந்தத் தனி வகுப்பை அவர் எடுக்கவே இல்லை. வருடக்கணக்காக ஒரு கைக்கு ஒரு பாடத்தை ஊட்டிவிட்டு, ஒரே மதியத்தில் மறந்துவிடு என்றால் மறக்குமா? கை என்ன கரும்பலகையா, அழித்துவிட்டு வேறு எழுத? இதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அது நடந்தது ஒரு சாதாரணக் காலையில். நான் வெளியே வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். துப்பாக்கி அறைக்குள் மூன்று பேர். ஆயுதங்களை எடுத்துக்கொடுப்பவர் இரும்பு அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தார். மச்சினன் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கேட்ச் அண்ணன், தவறி வெடித்தாலும் குண்டு புதைந்துபோவதற்கென்று வைத்திருக்கும் மணல் தொட்டிக்குள் குழாய்முனையை வைத்து, முறைப்படி குண்டு நிரப்பி, துப்பாக்கியை இடுப்பு உறையில் செருகினார். உறையின் வாய் தேய்ந்து தளர்ந்திருந்தது. சரியாக உட்காரவில்லை. கையை எடுத்தார், துப்பாக்கி நழுவியது.

எனக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான். உள்ளே ஓடினேன். துப்பாக்கி தரையில் கிடந்தது. மச்சினன் ஒரு பூட்ஸில் கயிறு கட்டியும் இன்னொன்றில் கட்டாமலும் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்திருந்தான். கேட்ச் அண்ணன் அவன் கழுத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “விழுந்துச்சு தம்பி, விழுந்துச்சு, விழுந்துச்சு” என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் அதற்கு முன்னாலேயே போய்விட்டான்.

அறையில் கேமரா இருந்தது. அது அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி திருட்டுப் போகக் கூடாது அல்லவா, மனிதர் போனால் பரவாயில்லை. ஆயுதக்காரர் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். மேலாளர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்: “புதுத் துப்பாக்கி கீழ விழுந்து வெடிக்காது. விசையில இவர் விரல் பட்டிருக்கு.” போலீஸ் வழக்குப் போட்டது. வக்கீல் பிடித்து, ஜாமீனில் வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

ஜெயிலுக்குப் போவதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. அவருக்கு வீட்டில் ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அண்ணி அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: “தானா வெடிச்சுதா?” அவர் சொன்னது: “கீழ விழுந்துச்சு, வெடிச்சுடுச்சு.” அதை அண்ணி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, “இரும்பு செஞ்ச வேலைக்கு மனுஷன் என்னம்மா பண்ணுவார்?” என்றார். அந்தப் பெண்ணும் அதை நம்பினாள். நம்பியதால்தான், துணிக்கடை வேலைக்குப் போகும்போது, நடை பழகிக் கொஞ்ச நாளே ஆன தன் மகளை அந்த வீட்டிலேயே விட்டுப்போனாள். துப்பாக்கி தானாக வெடித்திருந்தால் அந்த வீட்டில் ஒரு குடும்பம் மிச்சம் இருக்கும். இல்லையென்றால் இல்லை.

“நிஜமாவே விழுந்துதான் வெடிச்சுதாண்ணே?” என்று ஒருநாள் தனியாகக் கேட்டேன்.

“நழுவினது தெரியுது. சத்தம் தெரியுது. நடுவுல என்னன்னு எனக்குத் தெரியல தம்பி. கைக்குத்தான் தெரியும்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

அந்தத் துப்பாக்கியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வக்கீல் எழுதிக் கேட்டதால், தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க எங்களை விட்டார்கள். சோதனை செய்தவர் நரைத்த கொண்டையும் மெல்லிய குரலும் உள்ள ஒரு அதிகாரியம்மா. ஆரம்பிக்கும் முன்பே அவர் சொன்னதில் எனக்கு உயிர் வந்தது.

“புதுசுன்னா விழுந்து வெடிக்கவே வெடிக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். உள்ள தேஞ்சிருக்கலாம், அழுக்கு அடைச்சு அந்தத் தடுப்பு சிக்கியிருக்கலாம், செய்யும்போதே பிசகியிருக்கலாம். அப்படி வெடிச்சதும் உண்டு. அதனாலதான் போட்டே பாத்துடறோம்.”

குண்டும் மருந்தும் இல்லாமல், அடியில் பொட்டுவெடி மாதிரித் துளி மருந்து மட்டும் வைத்த தோட்டாவைத் துப்பாக்கியில் போட்டார். அடிபட்டால் ‘டப்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். இடுப்பு உயரத்தில் ஒரு கம்பியில் மாட்டி, சிமெண்டுப் பலகைமேல் விழவிட்டார். குழாய்முனை கீழே இருக்கும்படி, பிடி கீழே இருக்கும்படி, இடப்பக்கம், வலப்பக்கம். வெறும் இரும்பு விழும் சத்தம்தான் வந்தது. ஒரு துப்பாக்கி வெடிக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். “வெடி, வெடிச்சுத் தொலை” என்று வாய்க்குள்ளேயே திட்டினேன்.

அப்போதுதான் என் பக்கத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. துப்பாக்கி கம்பியை விட்டு நழுவும் ஒவ்வொரு முறையும் கேட்ச் அண்ணனின் இரண்டு கைகளும் முன்னால் பாய்ந்து கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தன. அவருக்கு அது தெரியவே இல்லை. அவர் கண் துப்பாக்கியில் இருந்தது. அதிகாரியம்மாதான் முதலில் பார்த்தார். வக்கீல் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் அண்ணனும் குனிந்து, கண்ணாடியில் அப்பியிருந்த தன் கைகளை யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

“இன்னும் ஒரு தடவை போடுங்கம்மா. கொஞ்சம் உயரத்துல இருந்து” என்றார்.

அந்த அம்மா மறுக்கவில்லை. உயரத்தை ஏற்றிப் போட்டார். பிறகு ரப்பர் சுத்தியலால் பின்புறத்தில் ஓங்கி அடித்தும் பார்த்தார். வெடிக்கவில்லை. பிரித்துப் பார்த்தார், தடுப்பு புதுசுபோல இருந்தது. கதவைத் திறந்து எங்களிடம் வந்து, “நல்ல நிலையில இருக்குங்க” என்றார். நல்ல செய்தி சொல்கிற சொற்களில் அதைச் சொல்ல வேண்டியிருந்ததற்கு அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும், உடனே உள்ளே போய்விட்டார்.

வீட்டு வாசலில் அண்ணி காத்திருந்தார். “என்னாச்சுங்க?”

“இன்னும் முடியல” என்றார் அண்ணன். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார ஆரம்பித்தார். நின்றால் அக்குளில் செருகிக்கொள்வார். கிளாஸ் நழுவினால் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பார். அது உடைந்ததும் மூச்சை விடுவார். பயிற்சியாளர் எடுக்காத தனி வகுப்பை அவரே தனக்கு எடுத்துக்கொண்டிருந்தார். யாருக்காக, இனி எதற்காக? “எதையும் பிடிக்கறதே இல்ல, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று அண்ணி என்னிடம் முறையிட்டார். தம்பி போன துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

நான் அவர்களைப் பார்க்கப் போயிருந்த ஒரு மாலை. அண்ணி அடுப்படியில் இருந்தார். அண்ணன் கூடத்தில் நாற்காலியில், கையைத் தொடைக்குக் கீழே வைத்தபடி. குழந்தை எதிரே கிடந்த முக்காலிமேல் ஏறி ஜன்னல் கம்பியை எட்டிக்கொண்டிருந்தாள். “மாமா, பாரு” என்று அவர் பக்கம் திரும்பினாள். முக்காலி ஒரு காலில் சாய்ந்தது. நான் கதவருகில் நின்றேன், எட்டாத தூரம். அவர் கை நீட்டினால் தொடுகிற தூரம். அவர் தோள் இரண்டும் துடித்து எழுந்ததை நான் பார்த்தேன். கைகள் எழவில்லை. அவர் அவற்றின்மேல் தன் முழுக் கனத்தையும் போட்டு உட்கார்ந்திருந்தார்.

முகம் தரையில் மோதியது. முகவாய் கிழிந்து ரத்தம் கொட்டியது. அலறல் கேட்டு ஓடிவந்த அண்ணி குழந்தையை வாரி எடுத்து, முந்தானையால் காயத்தை அழுத்திக்கொண்டு கத்தினார்.

“பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே! கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு கரண்டி கீழ விழ விட்டிருப்பீங்களா? எது விழுந்தாலும் உங்க கை நிக்காதே, தானாப் போயிடுமே…”

அங்கே நிறுத்திவிட்டார். பார்வை மெல்ல இறங்கி, தொடைக்கு அடியில் மறைந்திருந்த அந்தக் கைகளுக்குப் போயிற்று.

“அன்னைக்கும் போச்சா?” என்று கேட்டார்.

கேட்ச் அண்ணன் கைகளை வெளியே எடுத்து மடியில் மல்லாத்தி வைத்தார். “போயிருக்கும்மா” என்றார்.

குழந்தை அழுதுகொண்டே, எப்போதும்போல, அவரிடம் போக இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். அண்ணி கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.