திரேசம்மாளின் தள்ளாட்டம்

இரண்டாயிரத்து ஒன்பதில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே மதுக்கடை வந்தபோது, கடற்கரை ஊரில் முதலில் வாய் திறந்தவள் மீன்காரி திரேசம்மாள்தான். கடை வாசலில் மீன்கூடையைக் குறுக்கே வைத்து உட்கார்ந்துவிட்டாள். தக்கலையில் அதிகாரியிடம் மனு கொடுத்துப் பேசவும் அவளைத்தான் தேவாலயத்துப் பங்குப்பேரவை தேர்ந்தெடுத்தது.

அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கால் தள்ளாடியது. நாக்குக் குழறியது. எதிரே வரும் ஒரு ஆள் இரண்டாகத் தெரிந்தான். ஒருநாள் சந்தையில் கூடையோடு விழுந்தாள். சுற்றி அத்தனை பேர் நின்றும் அவளேதான் எழுந்து மீனைப் பொறுக்கினாள்.

"கடைய மூடச் சொல்லுத பெண்ணு நல்லா ஏத்திக்கிட்டு வருதா!" என்று குடிகாரர்கள் சிரித்தார்கள். அவர்களை விடுங்கள், வேறென்ன செய்வார்கள்? கூடப் போராடியவர்களும் அதை நம்பினார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். பேரவைச் செயலாளர் ஞானதாசன் வீடு தேடி வந்து, "மனு கொடுக்க நீங்க வராண்டாம் அக்கா. ஊருக்கு மானக்கேடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வாயில் போனது மாத்திரை மட்டும்தான். ஊரறிந்த அவள் வலிப்புக்குச் சிறுவயதிலிருந்து தின்பது ஒன்று. கூடைத்தண்ணீர் ஒழுகி இடுப்பில் படர்ந்த படைக்கு ஒரு தோல் டாக்டர் புதிதாக எழுதித் தந்தது இன்னொன்று. "வலிப்புக்கு மருந்து தின்னுதேன் சாரே" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். அந்த மகராசன் தலையே நிமிரவில்லை. அடுத்த ஆளுக்கு மணியடித்தான்.

நாகர்கோவிலில் அவளுக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா இரத்தத்தைச் சோதித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தப் படை மாத்திரை வலிப்பு மருந்த உடம்பிலேயே தேக்கி வச்சிட்டுது. தள்ளாட்டம் அதனாலதான்." படை மாத்திரையை நிறுத்தி, வலிப்பு மருந்தின் அளவையும் சரிசெய்தாள். கொஞ்ச நாளில் திரேசம்மாள் பழையபடி நடந்தாள்.

அவள் இல்லாமல் மனு கொடுக்கப் போன கூட்டம் அதிகாரி முன்னால் வாய் திறக்கத் தெரியாமல் திரும்பியிருந்தது. ஞானதாசன் மறுபடியும் வந்தார்.

"மருந்துன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா? மனசுல வைக்காண்டாம். அடுத்த தடவ நீங்கதான் பேசணும்."

"பேசுவேன். பிள்ளையளுக்காகப் பேசுவேன்." அவள் அவருக்கு எதிரே வந்து நின்றாள். "மருந்துன்னு உங்களுக்குத் தெரியாண்டாம், சரி. ஏலே ஞானதாசா, குடிச்சிருக்கேன்னு ஊரெல்லாம் சொன்னியளே, ஒருத்தராவது கிட்ட வந்து என் வாய மணத்துப் பாத்தியளா? வலிப்புக்காரியத் தொட்டா ஒட்டிக்கிடும்னு எட்ட நின்னுல்லா தீர்ப்பு சொன்னிய!"