தம்பி கையில் நான் கட்டவைத்த காப்பு

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிப் பல வருஷம் ஆகிறது. நோட்டை எடுப்பேன், மேலே பிள்ளையார் சுழி போடுவேன், அத்தோடு மூடி வைத்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து எப்படி இருக்குமோ என்ற கூச்சம் கொஞ்சம், மீதியெல்லாம் பயம். எங்கள் ஊர் அம்மன் சந்நிதியில் நடந்த காரியம் இது. அவளைச் சாட்சியாக வைத்து எழுதும்போது பொய் எழுதக் கை வராது. உண்மையை எழுதவும் இத்தனை நாள் கை வரவில்லை.

எங்கள் ஊர் சுருளிப்பட்டிக்குப் பக்கம். எனக்கு ஒரே தம்பி. அவனுக்கு ஆறு வயசு இருக்கும்போது எங்கள் அம்மாவும் ஐயாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆன வருஷமும் அதுதான். என் வீட்டுக்காரிக்கு அப்போது பதினேழு வயசு. வந்த மறுநாளே அவனுக்குத் தலை சீவிவிட்டுச் சோறு ஊட்ட ஆரம்பித்தாள். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அம்மன் ஆத்தா நமக்கு இவனைத்தான் கொடுத்திருக்கிறாள் என்று இருந்துவிட்டோம்.

அவன் மதுரையில் தங்கி பி.ஏ. படித்துத் தேறினான். அடுத்து சென்னையில் எம்.ஏ. படிக்க இடம் கேட்டு எழுதிப் போட்டிருந்தான். அந்தக் கோடையில், இரண்டாவது உலக யுத்தம் தொடங்க நாலைந்து வருஷம் இருக்கும், ரயிலில் தேனிக்கு வந்து அங்கிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இரண்டு டிரங்குப் பெட்டி. ஒன்றில் துணி, ஒன்றில் புத்தகம். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டான்:

“பட்டணம் போகுமுன்ன இந்த ரெண்டு மாசத்தை எப்படிக் கழிக்கணும்னு ஆளுக்கொண்ணு சொல்றாகண்ணே. வாத்தியார் இருபது புத்தகத்தப் படிச்சிட்டு வான்னுட்டாக. கூடப் படிச்சவன் கொடைக்கானலுக்குக் கூப்புடுறான். நீங்க என்ன சொல்றீக?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி, அவனுக்கு மதினி, “மொதல்ல தின்னு. எலும்ப எண்ணிப்பிடலாம் போல இருக்க,” என்றாள்.

“இதுதான் நல்ல யோசனை. இதையே வச்சுக்கிடுறேன்,” என்று தட்டை நீட்டினான்.

சொன்னபடியே எங்கும் போகவில்லை. விடிவதற்கு முன் என்னோடு தோட்டத்துக்கு வந்துவிடுவான். கோடையில் வாழைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். மாட்டைப் பூட்டிக் கமலை இறைக்க வேண்டும். மாடு சரிவில் இறங்கும்போது இறைக்கிறவன் வடத்தின்மேல் உட்கார்ந்து போவான். தண்ணீர் மொண்ட தோல் சால் மேலே வந்து கொட்டியதும் மாட்டைப் பின்னுக்கு நடத்தி ஏற்றுவான். தம்பி வடத்தில் உட்கார்ந்துகொண்டு சரித்திரப் புத்தகம் படிப்பான். சால் கொட்டி முடிந்திருக்கும். மாடு இரண்டும் திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

“ஏலே, மாடு நிக்கிது பாரு. அதுக்கும் பாடத்தச் சொல்லிக் குடு,” என்பேன்.

“சொல்லிட்டேண்ணே. எடத்து மாட்டுக்கு வெளங்கலையாம், மறுக்கா கேக்குது.”

மத்தியானம் ஆற்றில் குளியல். சாயங்காலம் அம்மன் கோயில். இடையில் மதினிக்குப் புளி குத்திக் கொடுப்பான், அவள் சொல்லும் ஊர்க்கதையை எல்லாம் உம் கொட்டிக் கேட்பான். கடைத்தெருவில் ஒருநாள் கடைக்கார மாமா ஒருத்தர் அவனை மடக்கினார்.

“என்ன மாப்ள, பி.ஏ. தேறலையாக்கும்? மறுக்கா என்னத்துக்குப் பட்டணத்துக்குப் போயிப் படிக்கணும்?”

“தேறுனதுக்குத்தான் மாமா இந்தத் தண்டனை,” என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. பி.ஏ.வுக்கே கம்பத்துப் பக்கம் பள்ளிக்கூட வேலை கிடைக்குமே, இவன் ஏன் போக வேண்டும்? எம்.ஏ. முடித்தால் அங்கேயே உத்தியோகம், அங்கேயே குடித்தனம். பிறகு இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தானே வருவான்?

வைகாசியில் காலேஜிலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஆனி பாதியில், சொன்ன வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். அவன் அதைத் தமிழில் சொன்னபோது அவன் மதினி சர்க்கரை எடுத்து அவன் வாயில் போட்டாள். நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் அம்மனுக்கு ஆனிக் கடைசியில் திருவிழா. அதற்குப் பதினைந்து நாள் முன்பு தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஓர் ஆண்பிள்ளை கையில் பூசாரி காப்புக் கட்டுவார். காப்புக் கட்டினவன் ஒருவேளைச் சோறு உண்டு, தினமும் ஆற்றுத் தண்ணீர் எடுத்து அம்மனுக்கு ஊற்ற வேண்டும். பதினைந்து நாளும் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கட்டுகிறவன் நான்.

நாள் குறிக்கச் சாவடியில் கூடினார்கள். நான் எழுந்து, “பெரியாத்துத் தண்ணி வந்துட்டா நடவு கழுத்தப் புடிக்கும். இந்த வருசம் முன்னக்கூட்டியே வச்சுக்கிடுவோம். வர்ற செவ்வாயே காப்பக் கட்டிருவோம்,” என்றேன். நியாயமாகத்தான் இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் செவ்வாயில் கட்டினால் காலேஜ் வெள்ளி நடுவில் விழும் என்பது அந்தச் சாவடியில் எனக்கு மட்டும் தெரியும்.

தம்பிக்குச் சந்தோஷம். “நான் ஊர்ல இருக்கும்போதே காப்புக் கட்டுறாகளா! இந்த வருசம் பாக்க முடியாதுன்னு நெனச்சேண்ணே,” என்றான்.

செவ்வாய்க்கிழமை கோயில் நிறையக் கூட்டம். எங்கள் வீட்டு முறை வந்தபோது நான் தம்பியின் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினேன். “இந்த வருசம் இவனுக்குக் கட்டுங்க. பெரிய படிப்புக்குப் போறவன், ஆத்தா தொணை வேணும்ல,” என்றேன். அவன் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தான். அந்தக் கூட்டத்தில், ஆத்தா முன்னால், யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? வலது கையை நீட்டினான். பூசாரி மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றைக் கட்டினார்.

மறுநாளிலிருந்து தம்பி முறைப்படி நடந்தான். விடிந்ததும் தண்ணீர் எடுத்து ஊற்றினான், கமலை இறைத்தான். புத்தகத்தை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டுவரவில்லை. மாடு அவனுக்காக நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆறாம் நாள் அவன் மதினி புத்தகப் பெட்டி பூட்டிக் கிடப்பதைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். “ஆத்தா கட்டுன காப்ப அத்துட்டுப் போயி என்ன படிக்கப் போறேன் மதினி? விடுங்க,” என்று சொல்லிவிட்டான்.

அவள் நேரே தோட்டத்துக்கு வந்தாள். நான் வாழைக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தேன்.

“வெள்ளிக்கெழமைக்குள்ள போகணும்னு அவன் சொன்னப்ப நீங்களும் அங்கனதான உக்காந்திருந்தீக?”

நான் இன்னொரு வெட்டு மண்ணை அள்ளி மடையில் போட்டேன்.

“உங்களுக்குத் தெரியும்,” என்றாள். “ஆத்தா கயித்த வச்சு, கட்டுத்தறியில மாட்டக் கட்டுனாப்ல கட்டிட்டீகளே. அவன் போனா எனக்கு மட்டும் வீடு வெறிச்சுனு ஆகாதா? நான் அழுதுக்கிட்டே அனுப்புவேன். நீங்க சாமியத் தொணைக்கு வச்சுக்கிட்டுத் திருடுறீக.”

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பேசியதில்லை. மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் பூசாரி வீட்டுக்குப் போனேன். அவரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

“தலைக்கட்டுக்கு ஒரு கை. அம்புட்டுத்தான். ஒரு கையிலருந்து இன்னொரு கைக்கு மாத்தலாம், ரெண்டு பேரும் தலைமுழுகிட்டு வாங்க. ஆனா கட்டுன காரணத்தையும் அவுக்குற காரணத்தையும் ஆத்தா முன்ன வாய்விட்டுச் சொல்லணும்,” என்றார்.

மறுநாள் காலை தண்ணீர் ஊற்றும் நேரம் ஊரே நின்றது. ஈர வேட்டியோடு நானும் தம்பியும் நின்றோம். “தம்பி படிக்கப் போறான் ஆத்தா, அவன் காப்ப நான் வாங்கிக்கிடுறேன்,” என்று சொன்னேன். அது அவிழ்க்கிற காரணம். கட்டின காரணத்தை நான் சொல்லவில்லை. பூசாரி தம்பி கையிலிருந்து அவிழ்த்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக் காத்திருந்தார். அதற்குள் பெண்கள் குலவையிட்டார்கள். “அண்ணன்னா இப்படில்ல இருக்கணும்,” என்று யாரோ சொன்னார்கள். பூசாரி அதற்குமேல் காத்திருக்காமல் என் கையில் கட்டினார்.

புதன்கிழமை அவனை பஸ் ஏற்ற நானும் அவளும் போனோம். அவள் கட்டுச்சோற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, சொன்னபடியே அழுதாள். அவன் குனிந்து என் காலைத் தொட்டான். படியில் ஏறி நின்றுகொண்டு என் கையிலிருந்த காப்பைத் தொட்டுப் பார்த்தான்.

“லீவு விட்டதும் வந்துருவேண்ணே,” என்றான். “நீங்க கட்டிப் போடாமலே இருப்பேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பஸ் கிளம்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவன் திரும்பிப் பார்த்தபோதே அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவன் சொன்னபடியே ஒவ்வொரு லீவுக்கும் வந்தான். அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

கட்டின காரணம் ஊர் காதில் விழவில்லை என்பதுதான் என் கஷ்டம். இன்றைக்கும் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் என் பேரைச் சொல்லிச் சமாதானம் பண்ணுகிறார்கள். தம்பிக்காகக் காப்பை வாங்கிக்கொண்ட மகராசன் என்கிறார்கள். அந்தப் பூசாரியும் காலமாகிவிட்டார். ஆத்தா இன்னும் காத்திருக்கிறாள். வாயால் சொல்ல முடியாததை எழுத்தால் சொல்கிறேன்: தாயே, என் தம்பி என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்று உன் நாளை மாற்றினேன், உன் கயிற்றால் அவனைக் கட்டினேன். கட்டின காரணம் இதுதான்.

படிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். பிள்ளையை மேல்படிப்புக்கு அனுப்பப்போகிற வீடுகளில் முதலில் சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு ஒரு வார்த்தையைக் குறைக்க வேண்டாம். ஆத்தா வந்து அருள் சொன்னாள் என்று ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம். என் வீட்டுக்காரி தோட்டத்தில் பேசியதை அவள் பேசியபடியே சொல்லுங்கள்.