அசையாமல் படுங்க: மூளையை அளந்த வருஷங்கள்

அடுத்தவரிடம் "அசையாம படுங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. அந்தக் குழாய்க்குள் ஒரு முறையாவது படுத்து, மூக்கு அரித்தும் சொறிய முடியாமல் தவித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவள் சுகமாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை.

வீடு திண்டிவனம், வேலை விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில். எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷங்களில் எங்கள் டாக்டர் ஓர் ஆராய்ச்சியில் இறங்கினார். சாதாரண எம்.ஆர்.ஐ. என்பது போட்டோ மாதிரி. இங்கே வெள்ளையாக இருக்கிறது, அங்கே கறுப்பாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது. டாக்டர் செய்ய நினைத்தது அளப்பது. காந்தத்துக்குள் இருக்கும்போது மூளையில் உள்ள தண்ணீரை ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டினால், அது பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நல்ல திசுவில் ஒரு நேரம், கெட்டுப்போன திசுவில் வேறு நேரம். அதை இடம் இடமாக அளந்து எண்ணாக்கிவிட்டால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நோய் தெரியுமா? மூளைக் கட்டி வந்தவர்களையும் எம்.எஸ். வந்தவர்களையும் வைத்து இதைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எம்.எஸ். என்பது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம் நரம்புகளின் மேலுறையை அரித்துவிடுகிற நோய். ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, தலையை அதே மாதிரி வைத்து, அதே மாதிரி அளப்பது என் பங்கு.

பாட்டில் நோயாளி

எண் மாறினால் நோயாளியிடம் மாற்றமா, இல்லை இயந்திரம்தான் பிசகிவிட்டதா என்று தெரியவேண்டும். அதற்காக ஜெல் நிரப்பிய பாட்டில்களை வாராவாரம் ஸ்கேன் செய்வோம். பாட்டில் மாறாது. அதனால் எண்ணும் மாறக்கூடாது. மனிதத் தலைக்குப் பார்க்கிற பக்குவம் அத்தனையும் அந்தப் பாட்டிலுக்கும் பார்க்கவேண்டும். தலையணை வைத்து, பக்கவாட்டில் ஸ்பாஞ்சு செருகி, ஆடாமல் நிறுத்தி, மெதுவாக உள்ளே தள்ளுவேன்.

எங்கள் சென்டரைப் பெருக்கித் துடைக்கிற வள்ளியக்கா கண்ணாடிக்கு அருகே நின்று இதைப் பல வாரம் பார்த்திருக்கிறார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பார் போல. ஒரு திங்கட்கிழமை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டேவிட்டார். "ஏன் மேடம், போன வாரமும் இதேதான உள்ள படுத்துக்கினு இருந்துச்சு? இந்தப் பாட்டிலுக்கு இன்னுமா கொணமாவல?"

நல்லா இருக்கிற தலை வேண்டும்

நோயாளிகளைத் தேட வேண்டியதில்லை, தானாக வருவார்கள். எங்களுக்குப் பஞ்சம் நோய் இல்லாதவர்களுக்குத்தான். அதே வயதில் ஆரோக்கியமான ஒருவரை அளந்து வைத்தால்தான் நோயாளியின் எண்ணை எதோடாவது ஒப்பிடமுடியும். "உங்களுக்கு ஒண்ணும் இல்லைதானே, அப்ப வந்து ஸ்கேன் எடுத்துக்கோங்க" என்று கூப்பிட்டால் யார் வருவார்கள்? கெடாரிலிருந்து மச்சானை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு வந்த தணிகாசலம்தான் சம்மதித்தார். சொந்த நிலத்தில் கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிறவர். விவரத்தைச் சொன்னதும், "சும்மா படுத்துக்கினு இருந்தா போதுங்களா? வரேங்க" என்றார். வந்தார், படுத்தார், போனார். அருமையான படம்.

பதினைந்து நாள்கூட ஆகியிருக்காது, மனைவியோடு வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் வாசலில் அவரைப் பார்த்த யாரோ ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தணிகாசலத்துக்குத் தலையில் கட்டி என்று ஊரே பேசுகிறது. மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், 'கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "நல்லா இருந்த ஆளைக் கூப்ட்டு உள்ள தள்ளினீங்களே, இப்ப எம்பொண்ணு கதி இன்னா?" நான் டாக்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் அவர்களை உட்காரவைத்துவிட்டு, "அந்த சம்பந்தியை ஒரு நாள் கூட்டிக்கிட்டு வாங்க, நானே பேசறேன்" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா திண்டிவனத்தில் டீக்கடை வைத்திருப்பவர். சந்தேகம் தீராத முகத்தோடு வந்தார். தணிகாசலத்தின் சம்மதத்தோடு டாக்டர் அவருடைய படத்தைத் திரையில் போட்டு, பக்கத்தில் பெயரை மறைத்து ஒரு நோயாளியின் படத்தையும் போட்டு, எதற்காக நல்ல தலை தேவைப்படுகிறது என்று பொறுமையாக விளக்கினார். டீக்கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தணிகாசலத்தின் மனைவி புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார். கடைசியில் டீக்கடைக்காரர் எழுந்து, தணிகாசலத்தின் தோளில் கை போட்டார். "ஊர்ல எல்லாரும் ஜாதகம் பாத்துதாங்க சம்பந்தம் பண்றாங்க, மூளைய பாத்து பண்ணவன் நான் ஒருத்தன்தான். வாங்க, பத்திரிகை அடிக்கப் போலாம்."

ஏசி வைத்தியம்

எம்.எஸ். நோயாளிகளுக்கு வெயில் ஆகாது. உடம்பு சூடானால் பார்வை மங்கும், கால் துவளும். கூட்டேரிப்பட்டில் செல்போன் கடை வைத்திருந்த இளைஞர் ஒருவர், சித்திரை வைகாசியில் மட்டும் ஸ்கேனுக்கு மிகவும் சீக்கிரமாக வந்துவிடுவார். எங்கள் இயந்திரத்துக்காக அறையை எப்போதும் குளிரவைத்திருப்போம். அவர் அந்தக் குளிர் வருகிற வாசல் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மத்த பேஷன்ட்லாம் லேட்டாதான் வருவாங்க, நீங்க ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார். "மேடம், உங்க ஸ்கேன் டாக்டருக்கு, உங்க ஏசி எனக்கு."

டீச்சரின் கால்

சுமதி டீச்சர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு எடுப்பவர். சில வருஷங்களுக்கு முன் ஒரு கண் திடீரென்று மங்கி, பிறகு கால் மரத்து, கடைசியில் எம்.எஸ். என்று தெரிந்தது. மூளையில் அங்கங்கே சில வெள்ளைத் திட்டுகள். மருந்து எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் எடுத்த ஸ்கேன்களில் புதிதாக எதுவும் இல்லை. அதுதான் வீட்டில் வம்பாகிவிட்டது. கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் 'புதுசா ஒண்ணும் இல்லை' என்று டாக்டர் சொன்னதை, 'ஒண்ணுமே இல்லை' என்று எடுத்துக்கொண்டார். சாயங்காலம் பள்ளியிலிருந்து களைத்து, கால் துவண்டு வந்து டீச்சர் படுத்தால், "படம்தான் நல்லா இருக்குதே, அப்புறம் இன்னா?" என்பாராம். இதை டீச்சர் என்னிடம் ஸ்கேன் மேசையில் படுத்துக்கொண்டே சொன்னார். அழவில்லை. கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

அன்றைக்கு டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். முதலில் வழக்கமான படம். திட்டுகளைத் தவிர மற்றதெல்லாம் சுத்தமாகத் தெரிந்தது. பிறகு எங்கள் அளவுப் படம், எண்களுக்கு ஏற்ப நிறம் கொடுத்தது. சுத்தம் என்று கண் சொன்ன இடங்களிலும் நிறம் மாறியிருந்தது. அதே வயதுள்ள ஆரோக்கியமான பெண்களின் எண்ணைவிட டீச்சரின் எண் விலகியிருந்தது. டாக்டர் எதையும் கூட்டிச் சொல்கிறவர் இல்லை. "இது இன்னும் ஆராய்ச்சிதான். இந்த எண்ணை வச்சு இவங்க களைப்பு இவ்வளவுன்னு நான் சொல்லமுடியாது. ஆனா படம் சுத்தமா இருந்தா மூளையும் சுத்தம்னு நீங்களும் சொல்லமுடியாது" என்றார்.

கணவர் ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்தார். பிறகு டீச்சர் எழுந்திருக்கும்போது, அவருடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். டாக்டர் டீச்சரிடம், எண்கள் வேண்டுமானால் விளக்கமாகச் சொல்வதாகச் சொன்னார். கணக்கு டீச்சர் ஆயிற்றே, கேட்பார் என்று நானும் நினைத்தேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். "நம்பரை நீங்களே வச்சுக்குங்க டாக்டர். என் கால் பொய் சொல்லலன்னு இவருக்குத் தெரிஞ்சிடுச்சு, எனக்கு அது போதும்."

சிரிப்பு

ஸ்கேனில் என்ன தெரிந்தாலும் டெக்னீஷியன் வாயைத் திறக்கக்கூடாது. டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் குழாயிலிருந்து வெளியே வருகிறவர் முதலில் பார்ப்பது எங்கள் முகத்தைத்தான். அதில் எதையாவது படித்துவிடமுடியுமா என்று தேடுவார்கள். அதனால் எப்போதும் கடுகடுவென்று இருப்பது என்று நான் பழகிக்கொண்டேன். அதனாலேயே ஏழுமலை என்கிற மீனவருக்கு என்னைப் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன். மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவர். படகில் போகும்போது வலிப்பு வந்து, கூட இருந்தவர்கள் பிடித்துக்கொண்டதால் பிழைத்தவர். மூளையில் மெதுவாக வளர்கிற கட்டி. பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்தில் இருந்ததால், உடனே கை வைக்காமல் அளந்துகொண்டே வரலாம் என்று டாக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள். கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கேட்பார். "இன்னா யம்மா, வளந்துகீதா?" நானும் ஒவ்வொரு முறையும், "டாக்டர் சொல்வாரு" என்பேன்.

ஒரு தடவை ஸ்கேன் முடிந்து அவர் வெளியே காத்திருந்தார். நான் கட்டியின் விளிம்பை ஒவ்வொரு படமாக வரைந்து மொத்தக் கன அளவைக் கணக்கெடுத்தேன். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. எண் அப்படி இல்லை. ஏறியிருந்தது. மறுபடி வரைந்தேன். மறுபடியும் அதே எண்தான். டாக்டரைக் கூப்பிட வெளியே வந்தபோது ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். "இத்தினி வாட்டி வந்துகீறேன், நீ ஒரு வாட்டிகூட சிரிச்சதில்ல. வளந்துடுச்சு, இல்ல?"

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்தார். பேச்சு கொஞ்ச நாள் தடுமாறி, பிறகு பெரும்பாலும் திரும்பி வந்தது. கடல் திரும்பி வரவில்லை. இப்போது தம்பியின் படகு கரைக்கு வரும்போது மீனை ஏலம் விடுவது அவர் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஸ்கேனுக்கு வந்தபோது, தலையில் தழும்போடு மேசையில் ஏறிப் படுத்தார். நான் ஸ்பாஞ்சு செருகும்போது, வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார். "யம்மா, நீ எப்பவும் போல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினே வா. எனக்கு அதான் தைரியம்."

வல்லத்திலிருந்து ஓர் அம்மா

கலியமூர்த்திக்கு வந்தது வேகமாக வளர்கிற கட்டி. வல்லத்துப் பக்கம் கிராமம், விவசாயி. ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் ஆனபிறகு எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்தார். முனகாமல், இருமாமல் படுப்பார். சில முறை வந்தார். அடுத்த தேதி கொடுத்திருந்தோம். அந்தத் தேதியில் அவர் மனைவி அஞ்சலாட்சி மட்டும் வந்தார். கையில் மல்லாட்டைப் பை. "அவரு போய்ட்டாருங்க. இன்னிக்கு நீங்க அவருக்காகக் காத்துக்கினு இருப்பீங்களேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றார். இரண்டு பஸ் மாறி, அதைச் சொல்வதற்காக மட்டும் வந்திருக்கிறார்.

நான் டாக்டரைக் கூட்டி வந்தேன். கணவருடைய படங்களை என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். டாக்டர் மறைக்கவில்லை. கட்டிக்குப் பக்கத்திலேயே ஓரிடத்தில் எண் முன்னதாகவே மாறத் தொடங்கியிருந்ததையும், திரும்பிப் பார்க்கும்போதுதான் அது எங்களுக்குப் புரிந்ததையும் சொன்னார். "அவருக்கு இது உதவலம்மா. நாளைக்கு வேற ஒருத்தருக்கு உதவலாம். உதவாமலும் போகலாம்" என்றார். அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, "நோவு இல்லாதவங்களயும் படுக்க வெப்பீங்கன்னு அவரு சொல்லிக்கினு இருந்தாரு. நான் படுக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

அவசரப்படவேண்டாம் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அவரே வந்தார். காதில் பஞ்சு வைத்து உள்ளே அனுப்பினேன். தட்டும் சத்தம், குடையும் சத்தம், நீளமாக அலறும் சத்தம் என்று எங்கள் இயந்திரம் தன் பாட்டுக்குக் கத்தியது. அந்த அம்மா இம்மிகூட அசையவில்லை. வெளியே எடுத்தபோது கண்ணோரம் இரண்டு பக்கமும் காதுவரை நனைந்திருந்தது. பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். எழுந்து உட்கார்ந்து பஞ்சை எடுத்துவிட்டு, அந்தக் குழாயைத் திரும்பிப் பார்த்தார். "இந்தச் சத்தத்துலதான் 'நல்லா தூங்கினேன், ஒண்ணும் தெரியல'ன்னு அவரு ஒவ்வொரு வாட்டியும் எங்கிட்ட சொன்னாருங்களா?"

மூளையின் ஒவ்வொரு புள்ளிக்கும் எண் போட்டுத் தருகிற இயந்திரத்தை இத்தனை வருஷம் ஓட்டியும், உள்ளே படுத்திருக்கிறவர் மனசில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் அவராக வாய்திறந்து சொன்னால்தான் எனக்குத் தெரிகிறது.